புகார் சொன்ன பிறகும் வேலை இருக்க வேண்டும்: திண்டுக்கல் ஒப்பந்தம் என்ன செய்தது?

2021 ஜனவரி முதல் வாரம். திண்டுக்கல் மாவட்டத்தில் ஏற்றுமதி ஆடை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த தலித் இளம்பெண் ஒருவர் வீடு திரும்பவில்லை. சில நாட்களில் அவருடைய உடல்தான் கிடைத்தது. அதே தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் ஒருவரைப் போலீஸார் கைது செய்து கொலை வழக்குப் பதிந்தனர். அந்த மேற்பார்வையாளர் மாதக்கணக்கில் தொல்லை கொடுத்துவந்தார், தட்டிக் கேட்க உள்ளே ஆள் இல்லை என்று குடும்பத்தாரும் தொழிற்சங்கத்தாரும் குற்றம் சாட்டினார்கள்.

இதுபோன்ற சம்பவங்களுக்கு நம் ஊரில் ஒரு வாடிக்கையான முடிவு உண்டு. மறியல், பேச்சுவார்த்தை, நிவாரணத் தொகை, நான்கு நாள் செய்தி. அத்தோடு சரி. இந்த முறை அப்படி முடியவில்லை. பதினைந்து மாதம் கழித்து, 2022 ஏப்ரலில், தொழிற்சங்கமும் தொழிற்சாலையின் தாய் நிறுவனமும் அங்கிருந்து உடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனமும் ஓர் ஏற்பாட்டில் கையெழுத்திட்டன. உலகத் தொழிலாளர் அமைப்புகள் அதைத் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்றே குறிப்பிடுகின்றன. ஆடைத் தொழிலில் பெண்கள்மீதான வன்முறையைத் தடுக்க, உற்பத்தி செய்பவரை மட்டுமல்லாமல் வாங்குபவரையும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஆசியாவில் போடப்பட்டது அதுவே முதல் முறை.

லண்டனிலும் நியூயார்க்கிலும் இதைப் பற்றிப் பேசிய அளவுக்கு நாம் பேசவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. திண்டுக்கல்லிலேயே இருப்பவர்களுக்குக்கூட இதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருக்கலாம். அதனால்தான் இந்த விளக்கம்.

முதலில், யார் யார் சம்பந்தப்பட்டவர்கள் என்று பார்த்துவிடுவோம். தொழிலாளர் பக்கம் நின்றது டி.டி.சி.யூ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம். 2013இல் தொடங்கப்பட்டது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் பெண்கள், தலைமையிலும் பெண்கள்தான். திவ்யராகினி அதன் தலைவர். பெரிய கட்சி எதன் நிழலிலும் வளராத சங்கம் இது. இதற்குத் துணையாக ஆசிய நாடுகளின் ஆடைத் தொழிலாளர் அமைப்புகளைச் சேர்த்துக் கட்டிய ஏசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸும், அமெரிக்காவைச் சேர்ந்த குளோபல் லேபர் ஜஸ்டிஸ் அமைப்பும் வந்தன. எதிர்ப்பக்கம் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ். இறந்த பெண் வேலை பார்த்த நாச்சி அப்பேரல்ஸ் அதன் குழுமத்தைச் சேர்ந்தது. மூன்றாவது தரப்பு, உடைகளை வாங்கி உலகமெங்கும் கடைகளில் விற்கும் எச் அண்ட் எம். சில மாதங்களில் கேப், பி.வி.எச். ஆகிய இரு அமெரிக்க நிறுவனங்களும் சேர்ந்துகொண்டன.

சட்டம்தான் இருக்கிறதே?

இருக்கிறது. அதுவும் நல்ல சட்டம். ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன அரசுத் திட்டப் பணியாளர் பன்வாரி தேவி 1992இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதைத் தொடர்ந்து பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போனதில் 1997இல் விசாகா தீர்ப்பு வந்தது. பணியிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுப்பது முதலாளியின் கடமை என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அது சட்டமாக மாறப் பதினாறு வருடம் ஆயிற்று. 2013இல்தான் நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடமானாலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் அங்கே மூத்த பொறுப்பில் உள்ள பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்கள். வெளியிலிருந்து, பெண்கள் பிரச்சினையில் அனுபவமுள்ள ஒருவர் கட்டாயம். புகார் வந்தால் 90 நாளில் விசாரித்து முடிக்க வேண்டும். குழு பரிந்துரைத்ததை நிர்வாகம் 60 நாளில் செய்ய வேண்டும். குழுவே அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம்.

காகிதத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் சட்டம் வந்து பத்து வருடம் கழித்து, 2023 மே மாதம், கோவா பல்கலைக்கழக வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமே இந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கும் நிலையைப் பார்த்து வருத்தப்பட்டது. நாட்டின் முப்பது விளையாட்டுச் சம்மேளனங்களில் பதினாறில் முறையான குழுவே இல்லை என்ற பத்திரிகைச் செய்தியை அந்தத் தீர்ப்பே எடுத்துக்காட்டியது. கேமராவும் பத்திரிகையாளர்களும் சூழ்ந்திருக்கும் இடங்களின் கதையே இப்படி என்றால், வேடசந்தூர்ப் பக்கம் சுவர் எழுப்பிய ஒரு மில்லுக்குள் என்ன இருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

குழு இருக்கும் இடத்திலும் சிக்கல் தீர்வதில்லை. தலைவர் நிர்வாகத்தின் ஆள். உறுப்பினர்கள் நிர்வாகம் தேர்ந்தெடுத்தவர்கள். தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அவர்களின் பெயர்கூடத் தெரியாது. தெரிந்தாலும், லைனை விட்டு எழுந்து, மாடி ஏறி, ஏ.சி. அறைக்குள் போய், தன் சூப்பர்வைசருக்கு எதிராக எழுதிக் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து அதே சூப்பர்வைசரின் கீழ் மாலைவரை தைக்க வேண்டும். எத்தனை பேர் செய்வார்கள்? அதனால்தான் பல நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் வந்த புகார்கள் ‘இல்லை’ என்று இருக்கிறது. புகாரே வராத தொழிற்சாலையைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

லைனுக்குள் என்ன நடக்கிறது?

ஆடைத் தொழிற்சாலையைப் பார்த்திராதவர்களுக்கு இதைச் சற்று விவரிக்க வேண்டும். ஒரு சட்டையை ஒரே ஆள் தைப்பதில்லை. ஒருவர் காலர், ஒருவர் கை, ஒருவர் பாக்கெட், ஒருவர் பட்டன். வரிசையாக மெஷின்கள், ஒரு மெஷினிலிருந்து அடுத்ததற்குத் துணி நகர்ந்துகொண்டே இருக்கும். இதுதான் லைன். மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட். ஒருவர் பின்தங்கினால் அவருக்குப் பின்னால் உள்ள அத்தனை பேருக்கும் வேலை நிற்கும். லைனை ஓட்டுவது சூப்பர்வைசரின் பொறுப்பு. டார்கெட் எட்டாவிட்டால் அவருக்கு மேலே இருப்பவர் அவரைத் திட்டுவார். தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதட்டுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்.

விடுப்பு, ஓவர்டைம், கடினமான வேலையா எளிய வேலையா, கழிப்பறைக்குப் போக அனுமதி, மாதச் சம்பளத்தில் பிடித்தம் என எல்லாம் அந்த ஒரே ஆளின் கையில். திட்டுவதும், காதுக்கருகே வந்து கத்துவதும், துணியை முகத்தில் எறிவதும் ‘வேலை வாங்கும் முறை’ என்றே எடுத்துக்கொள்ளப்படும் இடத்தில், அதற்கு அடுத்த படி எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. போனில் குறுஞ்செய்தி, தேவையில்லாத தொடுகை, ‘நான் சொன்னபடி கேட்டால் லீவு’ என்ற பேரம். ஏசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ் பல நாடுகளில் பார்த்துச் சொல்வதும் இதுதான்: பெண்கள்மீதான வன்முறையை யாரோ ஒரு கெட்ட ஆளின் வக்கிரம் என்று ஒதுக்க முடியாது, குறைந்த விலைக்கு, குறைந்த நாளில் சரக்கு வேண்டும் என்ற நெருக்கடி மேலிருந்து கீழே இறங்கி, கடைசியில் மெஷினில் இருக்கும் பெண்ணின் உடம்பில் வந்து விழுகிறது.

2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் சுமார் நூறு பேரிடம் பேசினார்கள். மாதவிடாய் வலியோடு வேலை செய்ய முடியாதபோது, மருத்துவச் சீட்டு எதுவும் இல்லாமல், பெயரே எழுதாத மாத்திரைகளை வேலையிடத்திலேயே கொடுத்தார்கள் என்பது தெரியவந்தது. அரைநாள் விடுப்புக் கொடுத்தால் டார்கெட் குறையும், மாத்திரை கொடுத்தால் குறையாது. கணக்கு அவ்வளவுதான். அந்த மாத்திரையைக் கொடுத்தவர் தன்னைக் கொடுமைக்காரர் என்று நினைத்திருக்க மாட்டார்.

இதற்கு ஒரு முன்கதையும் உண்டு. மேற்குத் தமிழகத்திலும் திண்டுக்கல் பக்கமும் இருக்கும் பஞ்சாலைகள் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் பதின்ம வயதுப் பெண்களை எடுத்த காலம் நினைவிருக்கும். மூன்று வருடம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் முடிவில் கல்யாணத்துக்கு ஒரு மொத்தத் தொகை. நடுவில் உடம்பு முடியாமல் வந்துவிட்டால் அந்தத் தொகை கைக்கு வராது. ஹாஸ்டலை விட்டு வெளியே போகக் கட்டுப்பாடு, பெற்றோரிடம் போனில் பேசக் கட்டுப்பாடு. 2011இலும் 2014இலும் நெதர்லாந்து அமைப்புகள் வெளியிட்ட அறிக்கைகளுக்குப் பிறகு வெளிநாட்டு நிறுவனங்கள் தணிக்கையாளர்களை அனுப்பத் தொடங்கின. தணிக்கைக்கு முன்கூட்டியே தேதி சொல்லிவிடுவார்கள். அன்று தரை பளபளக்கும். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கும். தணிக்கைச் சான்றிதழ் தொங்கிக்கொண்டிருந்த சுவர்களுக்குள்தான் மேலே சொன்னதெல்லாம் நடந்தது.

ஒரு வருடப் போராட்டம்

இறந்த பெண் சங்கத்தில் உறுப்பினர். அதனால் குடும்பம் தனியாக நிற்கவில்லை. சங்கம் மற்ற பெண்களிடம் பேசப் பேச, தங்களுக்கும் தொல்லை நடந்தது என்று சொல்ல ஆட்கள் வந்தார்கள். பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் பிப்ரவரியிலேயே இதை எழுதியது. குடும்பத்துக்கு நியாயம் கேட்டு இயக்கம் தொடங்கியது. வெளிநாடுகளில் தொழிற்சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் எச் அண்ட் எம் நிறுவனத்திடம் கேள்வி கேட்டன.

இதில் சங்கம் எடுத்த ஒரு முடிவைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். இப்படிப்பட்ட நேரங்களில் வாங்கும் நிறுவனம் ‘எங்களுக்கு இந்தப் பழி வேண்டாம்’ என்று ஆர்டரை ரத்து செய்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விடும். கெட்ட பெயர் தீரும். ஆனால் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை போகும். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் எந்தப் பெண்ணும் வாயைத் திறக்க மாட்டார். எனவே சங்கத்தின் கோரிக்கை ‘ஆர்டரை நிறுத்து’ என்பதாக இருக்கவில்லை. ‘ஓடிப்போகாதே, இங்கேயே இருந்து சரிசெய்’ என்பதாக இருந்தது. கோபம் கொதித்த நேரத்தில் இப்படிக் கேட்பதற்கு ரொம்பவே நிதானம் வேண்டும்.

எங்கோ ஒரு முன்மாதிரியும் இருந்தது. ஆப்பிரிக்காவில் லெசோத்தோ என்ற சின்ன நாட்டில், தைவான் நிறுவனம் ஒன்றின் ஜீன்ஸ் தொழிற்சாலைகளில், வேலை நீட்டிப்புக்கும் பதவிக்கும் பாலியல் இணக்கத்தை விலையாகக் கேட்பது வழக்கமாகிப் போயிருந்தது அம்பலமானது. 2019இல் அங்கே சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் அந்த நிறுவனத்தோடும், லீவைஸ் உள்ளிட்ட மூன்று அமெரிக்க நிறுவனங்களோடும் ஒப்பந்தம் போட்டன. அதற்கும் முன்னால், 2013 ஏப்ரலில் வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, கட்டடப் பாதுகாப்புக்காக இதே மாதிரியில் ஓர் ஒப்பந்தம் வந்திருந்தது. திண்டுக்கல் ஒப்பந்தத்துக்குச் சட்டப் பலம் தந்த யோசனை அங்கிருந்து வந்ததுதான்.

ஒப்பந்தம் எப்படி வேலை செய்கிறது?

கையெழுத்தானபோது மொத்தம் 5,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இதன்கீழ் வந்தார்கள். ஆடைத் தொழிற்சாலையோடு, நூல் நூற்கும் மில்களும் சேர்த்தி. மில்கள் சேர்ந்தது முக்கியம். ஏனென்றால் கடைக்காரப் பெரிய நிறுவனங்கள் தையல் தொழிற்சாலைவரைதான் எட்டிப் பார்க்கும். நூல் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில்லை.

முதல் ஏற்பாடு, ஒவ்வொரு லைனிலும் ஒரு கண்காணிப்பாளர். 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் என்ற கணக்கு. இவர் வெளியாள் இல்லை, மேலதிகாரியும் இல்லை. அதே லைனில் தைக்கிற பெண்; சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கிறது. எது தொல்லை, எதை எப்படிப் பதிவு செய்வது, யாரிடம் கொண்டுபோவது என்று அவருக்குத் தெரியும். பக்கத்து மெஷினில் இருப்பவர் சாப்பாட்டு இடைவேளையில் ‘அக்கா, இந்த ஆள் இப்படிப் பேசுறான்’ என்று சொன்னால் போதும். அதுவே புகாரின் தொடக்கம். மாடிப்படி இல்லை, விண்ணப்பப் படிவம் இல்லை. என்னைக் கேட்டால், முழு ஒப்பந்தத்திலும் மிகப் புத்திசாலித்தனமான பகுதி இதுதான். கத்துவது, கேலி, சின்னச் சீண்டல் என்ற அளவில் இருக்கும்போதே அடுத்த மெஷினிலிருந்து ஒருவர் ‘இது கூடாது’ என்று சொல்லிவிட்டால், பெரிய குற்றம்வரை போவதற்கான வழி அடைபடுகிறது.

லைனிலேயே தீராதது சங்கமும் நிர்வாகமும் உட்கார்ந்து பேசும் கூட்டத்துக்குப் போகும். பாலியல் தொல்லைப் புகார்கள் சட்டப்படியான உள்ளகக் குழுவுக்குப் போகும். அந்தக் குழுவும் சங்கத்தின் பங்கேற்போடு திருத்தி அமைக்கப்பட்டது. அதற்கும் மேலே, நிர்வாகத்துக்குக் கட்டுப்படாத தனி விசாரணையாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விசாரித்துச் சொல்லும் பரிகாரத்தை நிறுவனம் செய்தாக வேண்டும்.

இரண்டாவது, பழிவாங்கத் தடை. புகார் சொன்னதற்காக வேலைநீக்கம், லைன் மாற்றம், ஓவர்டைம் மறுப்பு, சம்பளக் குறைப்பு எதுவும் கூடாது. சங்கத்தில் சேரும் உரிமையும் இதோடு சேர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதும், வெளிமாநிலத்திலிருந்து வந்தவர் என்பதற்காக ஒதுக்குவதும் தடைசெய்யப்பட்டவை. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. நம் மில்களில் யார் எந்த வேலையில், யார் எந்த அறையில், யாரை எவ்வளவு எளிதாகத் தொடலாம் என்பதெல்லாம் சாதியோடு பிணைந்தே கிடக்கின்றன. 2013 சட்டம் சாதிரீதியான தொல்லையைத் தனியாகக் கணக்கில் எடுப்பதில்லை. சங்கத்தின் பெண்கள் பேச்சுவார்த்தை மேசையில் அதைக் கொண்டுவந்து வைத்தார்கள். பாலினத்தையும் சாதியையும் தனித்தனி அலுவலகங்களில் விசாரிக்கும் வழக்கத்துக்குப் பழகிய நமக்கு இது பாடம்.

மூன்றாவது, மீறினால் கடிக்கும் பல். ஈஸ்ட்மேன் தன் வாக்குறுதியை மீறினால், எச் அண்ட் எம் போன்ற வாங்கும் நிறுவனங்கள் வணிகரீதியாக நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். சரிசெய்யும்வரை அந்த நடவடிக்கை ஆர்டரில் தெரிய வேண்டும். இது அவர்களின் நல்லெண்ணத்தைப் பொறுத்தது இல்லை, ஒப்பந்தக் கடமை. அவர்கள் தவறினால் அவர்களையே நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம். 50,000 ரூபாய் அபராதத்துக்கு எந்தப் பெரிய முதலாளி பயப்படுவார்? ஒரு பருவத்தின் ஆர்டர் போகும் என்றால் ஃப்ளோர் மேனேஜரிலிருந்து இயக்குநர்வரை எல்லோரும் சூப்பர்வைசரின் நாக்கைக் கவனிப்பார்கள்.

அந்தப் பல்லின் கூர்மை சீக்கிரமே தெரிந்தது. 2022 ஜூலை இறுதியில், கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லி, நாச்சி அப்பேரல்ஸ் தயாரிப்புகள் தன் நாட்டுக்குள் நுழைய அமெரிக்கச் சுங்கத் துறை தடை போட்டது. ஏற்றுமதி நிறுவனத்துக்கு இதைவிடப் பெரிய இடி இல்லை. இப்படிப்பட்ட தடைகள் விலக வருடக்கணக்கில் ஆவதுண்டு. இந்தத் தடை செப்டம்பரிலேயே விலகியது. தொழிற்சங்கத்தோடு போட்ட ஒப்பந்தம் நடைமுறையில் இருந்ததும், அதன்படி குறைகள் தீர்க்கப்பட்டதும் அதற்குக் காரணமாக அமைந்தன. சங்கம் உள்ளே வந்தால் தொழில் கெடும் என்று காலங்காலமாகச் சொல்லிவரும் முதலாளிகள் இந்த ஒரு சம்பவத்தைப் படித்துப் பார்க்கலாம். அங்கே ஏற்றுமதியைக் காப்பாற்றியதே சங்கத்தோடு போட்ட கையெழுத்துதான்.

முதல் வருட அறிக்கையின்படி, தொழிலாளர்கள் 185 குறைகளைச் சொன்னார்கள், 182 தீர்க்கப்பட்டன. பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள். பாலின வன்முறை, தொல்லை தொடர்பானவை அவற்றில் 23. ‘இவ்வளவுதானா’ என்று சிலருக்குத் தோன்றலாம், ‘இவ்வளவா’ என்று சிலருக்கு. நான் பார்ப்பது வேறு. மற்ற சில்லறைக் குறைகளைச் சொல்லி, அவை தீர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஒரு பெண் அந்த 23இல் ஒன்றைச் சொல்லத் துணிவார். குடிதண்ணீருக்கும் விடுப்புக்கும் வாய் திறக்க முடியாத இடத்தில் பாலியல் தொல்லைக்கு மட்டும் வாய் திறப்பார்கள் என்று எதிர்பார்ப்பதுதான் நம் சட்டக் குழுக்களின் அடிப்படைக் கோளாறு.

எங்கே நிற்கிறது?

புகழ்ந்து முடிக்கும் கதை இல்லை இது. இந்தியாவின் நூற்பாலைத் திறனில் பாதிக்கு நெருக்கமாகத் தமிழ்நாட்டில் இருக்கிறது. இந்த ஒப்பந்தமோ ஒரு குழுமத்தின் சில ஆலைகளில் மட்டும். பக்கத்துச் சுவருக்கு அப்பால் இருக்கும் மில்லில் அதே டார்கெட், அதே ஹாஸ்டல், ஒப்பந்தம் கிடையாது. உள்நாட்டுச் சந்தைக்குத் தைக்கும் கம்பெனிகளுக்கு வெளிநாட்டு வாங்குபவர் இல்லை, எனவே இந்த வகை நெருக்கடி அங்கே செல்லுபடியாகாது. வாங்கும் நிறுவனம் ஆர்டரை வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டால் பல்லும் கூடவே போய்விடும். ஒப்பந்தத்துக்கு ஆயுள் வரம்பும் உண்டு.

இன்னொரு கேள்வியும் எனக்கு இருக்கிறது. ஒரு தொழிற்சாலைக்குள் பெண்ணுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் ஸ்டாக்ஹோமிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் தலைமையகம் வைத்திருக்கும் கடைக்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. தொழிலாளர் துறையும் தொழிற்சாலை ஆய்வாளரும் மாவட்ட நிர்வாகமும் அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும். பணியிட வன்முறைக்கு எதிரான 190ஆம் எண் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் நிறைவேற்றியது. அதை ஏற்று உறுதிசெய்யும்படி இந்திய அரசைத் தொழிற்சங்கங்கள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. 25 பேருக்கு ஒரு கண்காணிப்பாளர் என்ற ஏற்பாட்டைத் தமிழ்நாடு அரசு எல்லா மில்களுக்கும் கட்டாயமாக்கினால், அதற்கு வெளிநாட்டு நிறுவனம் எதன் கையெழுத்தும் தேவைப்படாது.

அதுவரை, இதைப் படிக்கும் நீங்களோ உங்கள் வீட்டுப் பெண்களோ வேலைக்குப் போகிறவர்கள் என்றால் சில விஷயங்களைத் தெரிந்து வைத்திருங்கள். பணியிடம் என்றால் தொழிற்சாலைக் கட்டடம் மட்டுமல்ல; கம்பெனி அனுப்பும் வேனும் பஸ்ஸும் சட்டப்படி பணியிடம்தான். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. எழுதத் தெரியாது என்றால் எழுத உதவி செய்வது குழுவின் கடமை. விசாரணை நடக்கும்போது குற்றம் சாட்டப்பட்டவரையோ உங்களையோ வேறு இடத்துக்கு மாற்றும்படியோ, மூன்று மாதம்வரை விடுப்பு தரும்படியோ நீங்கள் எழுதிக் கேட்கலாம். புகாரை நிரூபிக்க முடியாமல் போனால் மட்டும் அது பொய்ப் புகார் ஆகிவிடாது. அப்படிச் சொல்லி மிரட்டினால் நம்பாதீர்கள்.

பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடம் என்றாலும், வீட்டு வேலை என்றாலும், தொல்லை கொடுப்பவர் முதலாளியே என்றாலும், மாவட்ட அளவில் உள்ளூர் புகார்க் குழு இருக்கிறது. கலெக்டர் அலுவலகத்தில் கேட்டால் விவரம் கிடைக்கும். சாதி சொல்லி நடந்த கொடுமை என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் காவல் நிலையத்திலும் தனியாகப் புகார் கொடுக்கலாம். எந்த நேரத்திலும் ஆலோசனைக்கு 181 என்ற மகளிர் உதவி எண் உண்டு. உள்ளகக் குழு உறுப்பினர்களின் விவரத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி அறிவிக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை. நாளைக்கு வேலைக்குப் போனதும் அந்தப் பலகை உங்கள் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், தனியாகப் போகாமல் நாலு பேர் சேர்ந்து போய்க் கேளுங்கள்.